அலபாமாவில் சட்டம் உறங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் பட்ட துயரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அதன் நடைக்காகப் படித்தேன். இரண்டாம் முறை, அதிலிருந்த ஒரு கருத்து மனத்தை உறுத்தியதால் படித்தேன். அலபாமா மாநிலத்தில் நெடுங்காலம் சட்டம் உறங்கிக் கிடந்தது, கும்பல்கள் ஆண்டன, 1965-இல் சட்டம் கண்விழித்ததும் நியாயம் பிறந்தது என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கும்பல்கள் ஆண்டதை நான் மறுக்கவில்லை. அந்த மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரியில் 2018-இல் திறக்கப்பட்ட நினைவிடம், அமெரிக்கா முழுவதும் கும்பல் கொலைக்கு ஆளான 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரை நினைவுகூர்கிறது. தொங்கவிடப்பட்ட இரும்புத் தூண்களின் அடியில் நடந்து செல்வோர் அண்ணாந்து பார்த்துப் பெயர்களைப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் வழக்குரைத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அலபாமாவில் சட்டம் ஒரு நாளும் உறங்கவில்லை. அது விழித்திருந்து, நேரந்தவறாமல், மிகுந்த திறமையோடு வேலை செய்தது. அந்த வேலையின் பெரும்பகுதியைக் ‘கறுப்பர்’ என்ற சொல்லை உச்சரிக்காமலேயே செய்து முடித்தது.

1901-ஆம் ஆண்டு மே மாதம் மாண்ட்கோமரியில் கூடிய அரசமைப்பு மாநாட்டிலிருந்து தொடங்குகிறேன். மாநாட்டில் அமர்ந்த 155 பேரும் வெள்ளையர், அனைவரும் ஆண்கள். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான் நாக்ஸ் என்ற வழக்குரைஞர், கூட்டாட்சி அரசமைப்பு விதித்திருக்கும் எல்லைகளுக்குள் நின்று இந்த மாநிலத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிறுவுவதே தாங்கள் கூடியதன் நோக்கம் என்று தொடக்க உரையிலேயே அறிவித்தார். அந்த உரையில் எல்லோர் கண்ணிலும் படுவது மேலாதிக்கம் என்ற சொல். ஒரு வழக்குரைஞனின் கண்ணில் படுவதோ எல்லைகளுக்குள் என்ற சொல். இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-இலேயே பதினைந்தாவது திருத்தம் கூறிவிட்டது. ஆகவே இனத்தைச் சொல்லாமல் அதே காரியத்தைச் செய்ய வேண்டும். அதுதான் அந்த மாநாட்டுக்கு இடப்பட்ட பணி.

அவர்கள் எழுதி முடித்த ஆவணத்தில் வாக்குரிமைப் பகுதியைப் படித்தால் நல்லொழுக்கத்தைப் போதிக்கும் நூலைப் படிப்பது போலிருக்கும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பெரும்பகுதி முறையான வேலையில் இருந்திருக்க வேண்டும். அல்லது நாற்பது ஏக்கர் நிலமோ முந்நூறு டாலர் மதிப்புள்ள சொத்தோ இருக்க வேண்டும். இவற்றால் ஏழை வெள்ளையரும் விழுந்துவிடுவார்களே என்ற கவலைக்கு மருந்தாக, 1903 தொடக்கம் வரை ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தார்கள். போரில் பணியாற்றியவர், அவர்தம் வழிவந்தவர், நற்குணம் உடையவர் என்று பதிவு அதிகாரி கருதுபவர் ஆகியோர் அந்த வாசல் வழியே நுழைந்து ஆயுள் முழுமைக்கும் வாக்காளராகலாம். இவை அனைத்துக்கும் மேலே, ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி. இந்த வரியை வசூலிக்க எவரும் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள், கட்டாதவர்மீது வழக்கும் கிடையாது. கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் வாக்களிக்க விரும்பினால் மொத்தத்தையும் கட்ட வேண்டியிருக்கும். வரி கட்டாதே என்று குடிமகனை மெல்ல ஊக்குவித்த அரசை வரலாற்றில் வேறெங்கும் நான் கண்டதில்லை. 1900-இல் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின ஆண்கள் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 1,81,000 பேர் இருந்தார்கள். புதிய ஆவணம் நடைமுறைக்கு வந்தபின் வாக்காளர் பதிவேட்டில் எஞ்சியவர்கள் சுமார் 3,000 பேர். காலப்போக்கில் தலைவரி ஏழை வெள்ளையரிலும் பெருந்தொகையினரை வெளியே தள்ளியது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆவணத்தை மக்கள் வாக்கெடுப்பில் வெற்றி பெறச் செய்தவை, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கரிசல் வட்டாரக் கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) காட்டப்பட்ட வாக்குகள். அவற்றை ஒதுக்கிவிட்டு எண்ணினால் அது தோற்றிருக்கும். தங்கள் வாக்குரிமையைப் பறிக்கும்படி அம்மக்களே அள்ளி வாக்களித்தார்கள் என்று நம்ப விரும்புபவர் நம்பிக்கொள்ளட்டும்.

இதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனவர் ஜாக்சன் கைல்ஸ் என்ற மாண்ட்கோமரிவாசி. 1871 முதல் 1901 வரை முப்பது ஆண்டுகள் வாக்களித்து வந்தவர்; புதிய பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்டது. அவருடைய வழக்குச் செலவை டஸ்கீகியின் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன் யாருக்கும் தெரியாமல் ஏற்றார். 1903-இல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், சட்டக் கல்லூரிகளில் இன்றும் வியந்து போற்றப்படுபவர். இந்தப் பதிவு ஏற்பாடே ஒரு மோசடி என்று மனுதாரர் சொல்கிறார், அப்படியானால் அந்த மோசடிப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கும்படி ஆணையிட்டு அதற்கு நாங்கள் உடந்தையாவது எப்படி என்று கேட்டார் அவர். மேலும், ஒரு மாநில மக்களே சேர்ந்து செய்யும் அரசியல் தீங்குக்குப் பரிகாரம் அம்மக்களிடமோ அரசின் அரசியல் அமைப்புகளிடமோதான் கிடைக்க வேண்டும் என்றும் எழுதினார். வாக்குரிமையைப் பறிகொடுத்தவனிடம், போய் வாக்களித்து மாற்றிக்கொள் என்று சொல்லும் தீர்ப்பு அது. கைல்ஸ் விடவில்லை, இழப்பீடு கேட்டு மறு வழக்குத் தொடுத்தார். அதற்கு நீதிமன்றம் சொன்ன விடை இது: ஏற்பாடு செல்லாதது என்றால் பதிவுக் குழுவுக்கு அதிகாரமே இல்லை, அதிகாரமற்றவர்களால் இழப்பு நேராது. செல்லும் என்றால் குழு தன் அதிகாரத்துக்குள் நடந்துகொண்டது, அதனால் பொறுப்பாகாது. எப்படிப் போட்டாலும் தலையில்தான் விழும் பூவா தலையா போல, 1904-இல் அந்த வழக்கும் முடிந்தது.

கட்டுரையாளர் அறவே தொடாத ஒரு பகுதி, கைதிகளை வாடகைக்கு விடும் முறை. ஊர் சுற்றியது, சிறு திருட்டு, சூதாட்டம் என்று பிடிபட்டவருக்கு விதிக்கப்பட்ட அபராதத்தோடு நீதிமன்றச் செலவும் சேரும். கட்ட இயலாதவரை நிலக்கரிச் சுரங்க முதலாளி வாடகைக்கு எடுத்துக்கொள்வார். மாநிலக் கருவூலம் இதில் கொழுத்தது. 1911 ஏப்ரலில் பர்மிங்காம் அருகே பேனர் சுரங்கம் வெடித்தபோது இறந்த 128 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். அற்பக் குற்றங்களுக்காகச் சில நாள், சில வாரத் தண்டனை பெற்றிருந்தவர்கள் அவர்களில் பலர். இந்த வாடகை முறையை இறுதியாகக் கைவிட்ட மாநிலம் அலபாமா, ஆண்டு 1928.

அதே 1911-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அலான்சோ பெய்லி வழக்கு, இக்கடிதத்தில் நான் சொல்ல வந்ததை வேறெதனினும் தெளிவாகக் காட்டுகிறது. பெய்லி ஒரு பண்ணைத் தொழிலாளி. மாதம் 12 டாலர் கூலிக்கு ஓராண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து 15 டாலர் முன்பணம் பெற்றார். ஒரு மாதமும் சில நாள்களும் வேலை செய்தபின் நின்றுவிட்டார். முன்பணம் வாங்கியவர் பணத்தைத் திருப்பாமல் வேலையை விட்டாலே, ஏமாற்றும் எண்ணத்தோடுதான் வாங்கினார் என்பதற்கு அதுவே முதனிலைச் சான்றாகும் என்றது அலபாமாவின் சட்டம். அதற்கு மேலும் ஒரு பூட்டு இருந்தது. தன் மனத்தில் அப்படி ஓர் எண்ணம் இருக்கவில்லை என்று குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் சாட்சியம் சொல்ல அம்மாநிலத்தின் சான்று விதி இடம் தரவில்லை. 30 டாலர் அபராதம் விதித்தார்கள். அதையும் செலவுத்தொகையையும் கட்ட முடியாவிட்டால் 136 நாள் கடுங்காவல் உழைப்பு. சட்டத்தின் வாசகத்தில் இனம் இல்லை. சார்ல்ஸ் இவான்ஸ் ஹியூஸ் எழுதிய தீர்ப்பிலும் இனம் இல்லை. மேல்முறையீட்டாளர் கறுப்பினத்தவர் என்பதை எடுத்த எடுப்பிலேயே கருத்திலிருந்து விலக்கிவிடுகிறோம் என்றே அவர் தொடங்கினார். விலக்கிவிட்டு, இது கடனுக்காக மனிதனைக் கட்டாய உழைப்பில் பூட்டுவது, அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்துக்கு முரணானது என்று சொல்லிச் சட்டத்தைச் செல்லாததாக்கினார். நிறமற்ற சட்டத்தை நிறமற்ற தீர்ப்பு வீழ்த்திய அரிய நிகழ்வு இது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்? மீண்டும் அந்த ஹோம்ஸ்தான்.

ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தி இருந்தது. ஆனால் அது கூச்சலிட்ட கூட்டத்தைப் பற்றிய வருணனையோடு நின்றுவிட்டது. 1931 மார்ச் 25 அன்று சரக்கு ரயிலிலிருந்து இறக்கிக் கைதுசெய்யப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்டது. பன்னிரண்டே நாளில் விசாரணை தொடங்கியது. ஊரிலுள்ள வழக்குரைஞர்கள் அனைவரையும் பொதுப்படையாக நியமித்ததாகச் சொல்லப்பட்டது. அதாவது பொறுப்பேற்று நின்றவர் எவரும் இல்லை. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. சிறுவனான ஒன்பதாமவனுக்கு மட்டும் ஜூரியால், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவால், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மரண தண்டனை வழக்கில் தக்க வழக்குரைஞர் உதவி கிடைக்கவேண்டும் என்ற 1932-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்கிருந்துதான் பிறந்தது.

ஆனால் நான் சுட்ட விரும்புவது இதன் இரண்டாம் பாகத்தை. நம் நாட்டில் ஜூரி முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால், ஜூரிகள் பட்டியலை யார் தயாரிப்பது என்ற கேள்வியின் கனம் இளைய வாசகர்களுக்கு எளிதில் புலப்படாது. நேர்மையும் அறிவும் உடையவர் என்று பொதுவாக மதிக்கப்படுபவர், நற்பண்பும் சீரிய தீர்மானமும் வாய்ந்தவர் ஆகியோரை ஜூரிகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அலபாமாச் சட்டத்தின் வாசகம். எவ்வளவு அழகான வாசகம்! அந்த வாசகத்தின்கீழ், வயதானவர்கள் நினைவுக்கு எட்டிய காலம் வரை அந்தக் கவுண்டியில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஜூரியாக அமர்ந்ததில்லை. வழக்கு மறு விசாரணைக்கு வந்தபோது பட்டியல் புத்தகத்தைக் கொண்டு வந்தார்கள். அதில் சில கறுப்பினப் பெயர்கள் இருக்கத்தான் செய்தன. பக்கங்களின் அடியில், முடிவைக் குறித்த சிவப்புக் கோட்டோடு நெருக்கி எழுதப்பட்டிருந்தன. அவை பின்னால் செருகப்பட்டவை என்று கையெழுத்து வல்லுநர் சாட்சியம் சொன்னார். வழக்குரைஞர் சாமுவேல் லீபோவிட்ஸ் அந்தப் புத்தகத்தையே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, நீதிபதிகள் ஒவ்வொருவராக அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள் என்பது நீதிமன்ற வரலாற்றில் பேசப்படும் காட்சி. 1935-இல் கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஒதுக்கிய ஜூரி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட அதே ஹியூஸ். இடையில், 1933-இல் சாட்சியங்களை எடைபோட்டு இளைஞர்களில் ஒருவருக்கு ஜூரி அளித்த மரண தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்த ஜேம்ஸ் ஹார்ட்டன் என்ற அலபாமா நீதிபதி, அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலம் அது; வாக்களித்தவர்கள் யார் என்பதை மேலே சொன்னேன்.

இனி, ஆசிரியராகிய தங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதிக்கு வருகிறேன். மாண்ட்கோமரியில் வால்டர் ஜோன்ஸ் என்ற நீதிபதி இருந்தார். இவருடைய தந்தை தாமஸ் ஜோன்ஸ், கூட்டாட்சி நீதிபதியாக இருந்தபோது 1903-இல் முன்பணக் கொத்தடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்தவர். மகனின் வழி வேறு. இனப் பிரிவினையை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956-இல், கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின்மீது மாநிலத் தலைமை வழக்குரைஞர் ஜான் பேட்டர்சன் இவர் முன்னிலையில் வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு என்ன? வெளிமாநில நிறுவனம் ஒன்று அலபாமாவில் பதிவு செய்துகொள்ளாமல் இயங்குகிறது என்பது. தொழில் நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட பதிவுச் சட்டம் அது. எதிர்த்தரப்பைக் கேளாமலேயே தடையாணை பிறந்தது. பிறகு உறுப்பினர் பட்டியலைக் கொடு என்ற ஆணை. கொடுக்க மறுத்ததற்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். பட்டியல் வெளியானால் ஒவ்வோர் உறுப்பினருடைய வேலைக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் என்ன நேரும் என்பதைச் சங்கமும் அறியும், மாநிலமும் அறியும். பட்டியலைக் கேட்க மாநிலத்துக்கு உரிமையில்லை என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. சொன்ன பிறகும், அதே வழக்கு நான்கு முறை வாஷிங்டன் படியேறி 1964-இல் முடியும்வரை அந்தச் சங்கம் அலபாமாவில் இயங்க முடியவில்லை. தோற்ற தரப்பு எட்டு ஆண்டுகள் வென்றுகொண்டிருந்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் வெளியான முழுப்பக்க விளம்பரம். மார்ட்டின் லூதர் கிங்மீது அலபாமா தொடுத்திருந்த வரி தொடர்பான வழக்கில் அவருக்காக நிதி திரட்டக் கொடுக்கப்பட்டது அது. (அந்த வரி வழக்கில் முழுதும் வெள்ளையரைக் கொண்ட ஜூரியே அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது என்பதையும் பதிவு செய்கிறேன், அலபாமாவில் அப்படியும் நடந்தது.) விளம்பரத்தில் சில பிழைகள் இருந்தன. மாணவர்கள் பாடியது தேசிய கீதம், வேறொரு பாடல் என்று அச்சாகியிருந்தது. கிங் கைதானது நான்கு முறை, ஏழு முறை என்று எழுதியிருந்தது. நகரக் காவல்துறைக்குப் பொறுப்பாளரான எல். பி. சல்லிவன் தன் பெயரே அதில் இல்லாதபோதும் அவதூறு வழக்குப் போட்டார். மாண்ட்கோமரி கவுண்டியில் அன்று சென்று சேர்ந்த பிரதிகள் சுமார் 35. நீதிபதி அதே வால்டர் ஜோன்ஸ். ஜூரி அளித்த இழப்பீடு ஐந்து லட்சம் டாலர். விளம்பரத்தின் அடியில் பெயர் அச்சிடப்பட்டிருந்த நான்கு கறுப்பினப் போதகர்களும் பிரதிவாதிகள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே அவர்களுடைய கார்களும் நிலமும் கைப்பற்றப்பட்டன. இதே விளம்பரத்தின்மீது எழுந்த மற்றொரு வழக்கின் விசாரணையில், தன் நீதிமன்றத்தில் நடப்பது ‘வெள்ளையனின் நீதி’ என்று 1961-இல் ஜோன்ஸ் வெளிப்படையாகவே கூறினார். அவதூறுச் சட்டம் இனம் பார்க்காத சட்டம். எந்த நாட்டிலும் இருப்பது. ஆனால் அதை வைத்து வடக்கிலிருந்து வரும் செய்தியாளர்களை மாநிலத்துக்குள் நுழையவிடாமல் செய்துவிடலாம் என்று அலபாமா கண்டுகொண்டது. பொது ஊழியர் ஒருவர், பொய் என்று அறிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே இன்றியோ எழுதப்பட்டது என்று நிறுவினாலன்றித் தம் அலுவல் பற்றிய எழுத்துக்கு இழப்பீடு பெற முடியாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

அலபாமாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒரு நேர்வழி இங்கேதான் இருக்கிறது. 1994-இல் நக்கீரன் இதழ், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவதைத் தடுக்க முனைந்த அதிகாரிகளுக்கு எதிராக இந்திய உச்ச நீதிமன்றம் சென்றபோது, நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு சல்லிவன் வழக்கை விரிவாக எடுத்துப் பேசி, அலுவல் சார்ந்த செயல்களைப் பற்றிய எழுத்துக்கு அரசு அலுவலர் இழப்பீடு கோருவதற்கு அதே வகையான வரம்பை இந்நாட்டிலும் ஏற்படுத்தியது. வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. தங்கள் செய்தியாளர் ஓர் அதிகாரியின் செயலைப் பற்றி இன்று எழுதும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பின் ஒரு பகுதி, மாண்ட்கோமரியில் காரைப் பறிகொடுத்த அந்தப் போதகர்களின் வழக்கிலிருந்து வந்தது. இப்படியொரு தொடர்பு இருக்கும்போது அதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டது எனக்கு வருத்தமே.

இதற்குள், நிறத்தைப் பெயர் சொல்லியே ஒதுக்கிய சட்டங்கள் அங்கு இருக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருந்தன. பள்ளி, பேருந்து, திருமணம் எல்லாவற்றுக்கும் இருந்தன. பர்மிங்காமில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடுவதைக்கூடத் தடுத்த நகர விதி இருந்தது. ஆனால் பெயர் சொன்ன சட்டத்தை எதிர்க்க அச்சட்டத்தின் நகலே போதும். பெயர் சொல்லாத சட்டத்தை எதிர்ப்பவர், எழுதியவரின் மனத்துக்குள் இருந்ததை நிரூபிக்க வேண்டும். சில வேளைகளில் கோட்டின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும்: 1957-இல் டஸ்கீகி நகரின் எல்லையை மாநிலச் சட்டமன்றம் மாற்றியபோது சதுரமாக இருந்த நகரம் 28 பக்கமுள்ள உருவமானது, கறுப்பின வாக்காளர் 400 பேரில் நான்கைந்து பேர் தவிர அனைவரும் நகருக்கு வெளியே போனார்கள், வெள்ளையர் ஒருவர்கூடப் போகவில்லை. சட்டத்தில் இருந்தவை திசைகளும் தூரங்களும் மட்டுமே. சமூகவியல் பேராசிரியர் சார்ல்ஸ் கோமிலியன் தொடுத்த வழக்கில் 1960-இல் அது வீழ்ந்தது. எல்லா இடத்திலும் இப்படி வரைபடம் உதவிக்கு வருவதில்லை.

1965 தொடக்கத்தில், மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பினத்தவரைக் கொண்ட லவுண்ட்ஸ் கவுண்டியில் கறுப்பின வாக்காளர் ஒருவரும் பதிவாகியிருக்கவில்லை. செல்மா நகரம் அமைந்த டல்லாஸ் கவுண்டியில் தகுதியுடைய 15,000 பேரில் சுமார் 300 பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். மார்ச் 7 அன்று செல்மாப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வந்தவர்களைக் காவலர்கள் அடித்து விரட்டியதைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானதையும் எழுதியிருக்கிறார். அங்கேயே அவர் கதையை முடித்ததுதான் பிழை. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, லவுண்ட்ஸ் கவுண்டியின் ஹெய்ன்வில் ஊரில் ஜானதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவர், தம்மோடு வந்த பதினேழு வயதுக் கறுப்பினப் பெண்ணுக்குக் குறுக்கே நின்று குண்டடிபட்டு இறந்தார். முழுதும் வெள்ளை ஆண்களைக் கொண்ட ஜூரி, சுட்டவரை விடுவித்தது. அந்த ஜூரிப் பட்டியலை எதிர்த்து நடந்த வழக்கில் 1966 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் கறுப்பினத்தவரை ஒதுக்கியது செல்லாது என்றதோடு, பெண்களை ஜூரியாக அனுமதிக்காத அலபாமாச் சட்டமும் செல்லாது என்றது. கறுப்பினத்தவருக்காகக் கேட்கப்பட்ட நியாயத்தில் வெள்ளைப் பெண்களுக்கும் பங்கு கிடைத்தது.

1965-இல் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதற்கு 1901-ஆம் ஆண்டு ஆவணத்தின் ஒரே ஒரு சொற்றொடரைக் காட்டுகிறேன். ஒழுக்கக்கேடான குற்றம் புரிந்தவருக்கு வாக்கில்லை என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நம் சட்டங்களிலும் உள்ள சொற்றொடர்தான். படிக்கும் எவரும் தலையசைப்பார்கள். செல்லாத காசோலை கொடுத்ததற்காக வாக்கிழந்த இருவர், ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர், வழக்குத் தொடுத்தார்கள். காவலரைத் தாக்கியவருக்கு வாக்கு உண்டு, செல்லாத காசோலை கொடுத்தவருக்கும் சில்லறைத் திருட்டுச் செய்தவருக்கும் வாக்கில்லை என்ற விசித்திரம் விசாரணையில் வெளிவந்தது. கறுப்பினத்தவர் மிகுதியாகச் செய்வதாக மாநாட்டினர் எண்ணிய குற்றங்களையே பொறுக்கிச் சேர்த்தார்கள் என்பதும், மனைவியை அடிக்கும் குற்றம் ஒன்றே கறுப்பினத்தவரில் அறுபது விழுக்காட்டினரை நீக்கிவிடும் என்று அப்பிரிவை முன்மொழிந்தவர் கணக்கிட்டிருந்தார் என்பதும் தீர்ப்பிலேயே உள்ளன. 1985-இல் அதை ஒருமனதாக நீக்கிய தீர்ப்பை எழுதியவர், பழமைவாதியாக அறியப்பட்ட வில்லியம் ரென்குவிஸ்ட். 84 ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது. 1996-இல் அதே சொற்றொடர் புதிய திருத்தமாகத் திரும்பி வந்தது; எந்தெந்தக் குற்றங்கள் அதில் அடங்கும் என்று பட்டியலிட 2017 வரை மாநிலத்துக்கு மனம் வரவில்லை. அதுவரை, பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளில் ஒரே குற்றத்துக்கு ஒருவர் வாக்காளராகவும் இன்னொருவர் வாக்கற்றவராகவும் இருக்க முடிந்தது.

பெயர் சொன்ன சட்டங்களும்கூட, செத்த பிறகு புதைக்கப்படக் காத்திருந்தன. கலப்புத் திருமணத் தடை 1967-இலேயே செயலிழந்தது. அலபாமா அதைத் தன் ஏட்டிலிருந்து நீக்கியது 2000-இல். நீக்க வேண்டாம் என்று அப்போதும் நாற்பது விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். பிரிவினைப் பள்ளிகளையும் தலைவரியையும் பற்றிய செத்த வாசகங்களை நீக்கும் முயற்சி 2004-இல் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் தோற்றது. 2022-இல்தான் அவை ஒழிந்தன.

பெயர் சொல்லாத முறையோ புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தேர்தல் விதிகளை மாற்றுமுன் கூட்டாட்சி அரசின் இசைவைப் பெற வேண்டும் என்ற, வாக்குரிமைச் சட்டத்தின் முன்-ஒப்புதல் விதியை 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்ததும் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில்தான். மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் வாழும் அம்மாநிலம், ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றை மட்டும் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி வரைந்துவிட்டு, கோடு போடும்போது இனத்தைப் பார்க்காமல் இருப்பதே முறை என்று வாதிட்டது. 1901-இன் குரலை அதில் நான் கேட்கிறேன். மிகைப்படுத்துகிறேன் என்று யாரேனும் சொன்னால் அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளவும் தயார். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வாதத்தை நிராகரித்தது. அதன்பிறகும் மாநிலச் சட்டமன்றம் தீர்ப்புக்கு இணங்காத வரைபடத்தையே மீண்டும் நிறைவேற்றியதால், நீதிமன்றம் தானே ஏற்பாடு செய்த வரைபடத்தின்படி 2024 தேர்தல் நடந்தது.

முடிக்கும் முன், கட்டுரையில் உள்ள ஒரு தகவல் பிழையைத் திருத்தக் கோருகிறேன். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸின் வழக்கில் வந்த தீர்ப்பால் மாண்ட்கோமரிப் பேருந்துகளில் பிரிவினை ஒழிந்தது என்று அதில் உள்ளது. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களிலேயே சிக்கிக் கிடந்தது. அப்படிச் சிக்கும் என்று கணித்தே வழக்குரைஞர் ஃப்ரெட் கிரே அவரைச் சேர்க்காமல் வேறு பெண்களை முன்னிறுத்திக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுத்தார். 1956 ஜூனில் மூன்று நீதிபதிகளில் ஃபிராங்க் ஜான்சன், ரிச்சர்ட் ரைவ்ஸ் ஆகிய இருவர் அதில் பிரிவினைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். இருவரும் அலபாமாக்காரர்கள், ஊரார் வெறுப்பைத் தாங்கியவர்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கின் வாதிகள் அரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்டு, மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் ஆகிய நால்வர். கோல்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பதினைந்து வயதில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர். சிறார் நீதிமன்றம் அவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. பேருந்துச் சட்டம் ஒழிந்தபின்னும் அந்தப் பதிவு நீதிமன்றக் கோப்பில் அப்படியே இருந்தது. 2021-இல், அவருக்கு 82 வயதானபோது, மாண்ட்கோமரி நீதிமன்றம் அதை அழிக்க ஆணையிட்டது. தாங்கள் வெளியிடும் திருத்தக் குறிப்பில் இந்த நால்வரின் பெயர்களும் இடம்பெற வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வழக்குரைஞர்,
தஞ்சாவூர்.